லைனை மாற்றினால் வாசல் எங்கே போகிறது?

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. ஊர் துறைமுக ஊர்தான், ஆனால் பெரிய கப்பல் ஊருக்கு வராது! கரையோரக் கடலில் ஆழம் போதாது என்பதால் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து தோணிகள் சரக்கை ஏற்றிக்கொண்டு கப்பலுக்குப் போகும், கப்பல் சரக்கை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பும். கடலுக்குள் கல்லைக் கொட்டி இருபக்கமும் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டி, 1974 ஜூலை 11 அன்று புதிய துறைமுகம் பெருந்துறைமுகமான பிறகுதான் பெரிய கப்பல் நேராக வந்து தளத்தில் அணைய முடிந்தது. 2011-இல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் வைக்கப்பட்டது.

இன்று இந்தியாவில் எத்தனையோ வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் வரும் இணைய இணைப்பு அந்தப் பழைய துறைமுகத்தைப் போன்றது. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியே இருப்பவர் நேராக உள்ளே வர முடியாது. யூடியூப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. வெளியூரிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைந்து வேலை பார்ப்பவருக்கு மட்டும், அதுவும் இணைய நிறுவனத்தை மாற்றிய மறுநாள்தான் தெரியவரும்.

அப்படி ஒரு கதையைப் பார்ப்போம். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் வேண்டாம். அக்கா, தம்பி, அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்ளலாம்.

என்ன நடந்தது?

பீச் ரோடு பக்கம் ஒரு சின்ன கிளியரிங் அலுவலகம். ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கத்துறைக் காகித வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது தொழில். ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். ஷிப்பிங் பில் எல்லாம் ஐஸ்கேட் இணையதளம் வழியாகப் போய்விடும். ஆனால் கணக்கு முழுவதும் அலுவலகத்தின் ஒரே ஒரு கணினியில், டாலியில் இருக்கிறது. அதைப் பார்ப்பது அக்கா.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, தெரிந்த ஒருவரைக் கொண்டு அந்தக் கணினிக்கு வெளியிலிருந்து நுழைய வழி செய்தார் அண்ணாச்சி. விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதிதான். ஊரடங்கு முடிந்ததும் எல்லோரும் அலுவலகம் திரும்பினார்கள், அந்த வழியை மறந்தும் போனார்கள். அக்காவுக்குக் குழந்தை பிறந்த பிறகு அது மறுபடி பயன்பட்டது. அவர் ஏரலில் அம்மா வீட்டில் இருந்தார். குழந்தை தூங்கும் நேரத்தில் கணக்குப் பார்ப்பார், மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி நகரத் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்த பழைய செம்புக் கம்பி இணைப்பு அதன் பிறகு சரியாகவே இல்லை. மழை தூறினால் இரைச்சல், வெயில் அடித்தால் வேலை. பொறுத்துப் பார்த்த அண்ணாச்சி, 2024 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை வேறொரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பை வாங்கினார். வேகம் பல மடங்கு, மாதக் கட்டணமும் குறைவு. அதற்கடுத்த திங்கள்கிழமை காலை அக்கா ஏரலிலிருந்து உள்ளே நுழையப் பார்த்தார். இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்துத் தூத்துக்குடி வந்து, வேலையை முடித்துவிட்டுப் போனார் அக்கா. அன்று சாயங்காலம் அண்ணாச்சி சொன்னதுதான் பிரச்சினையின் உண்மையான அளவு:

“20-ஆம் தேதி 3பி போடணும்லாம்மா. அதுக்குள்ள இது சரியாவலைன்னா, தினமும் வந்து பாக்குத ஒரு ஆளைத்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்கிடாதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ரூட்டரை மாற்றியதில் ஒரு பெண்ணின் வேலை போகும் நிலை! தம்பி தூத்துக்குடியிலேயே பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி முடிந்து தினமும் அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தான்.

முதல் சிக்கல்: உள்ளே இருக்கும் முகவரி மாறிவிட்டது

இது எல்லோருக்கும் வரும் சிக்கல் என்பதால் முதலில் இதையே பாருங்கள். அலுவலகத்துக்குள் இருக்கும் கணினிகளுக்கு முகவரி கொடுப்பது ரூட்டர். பழைய ரூட்டர் 192.168.1 என்ற வரிசையில் கொடுத்துக்கொண்டிருந்தது. டாலி கணினிக்கு 192.168.1.10 என்று நிலையாக எழுதி வைத்திருந்தார்கள். புதிய பெட்டியோ 192.168.100 வரிசை. பொருத்த வந்த ஊழியர், கணினியில் இணையம் வரவில்லை என்றதும் முகவரியைத் ‘தானாக எடுத்துக்கொள்’ என்று மாற்றிவிட்டுப் போயிருந்தார். அவர் செய்ததில் பிழை இல்லை, அவர் வேலை இணையம் வரவைப்பது. ஆனால் தானாக வரும் முகவரி இன்று ஒன்று, நாளை ஒன்று.

தம்பி புதிய பெட்டியில் அந்தக் கணினிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கினான். பக்கத்து மேசைக் கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் போட்டுப் பார்த்தான். உடனே திறந்தது. ஆக, கணினியில் கோளாறு இல்லை, பிரச்சினை வாசலுக்கு வெளியேதான். ஆரம்பத்திலேயே இதை உறுதி செய்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

இரண்டாவது: வாசல் எண்

ஒரு இணைப்புக்கு வெளியுலகம் பார்க்கும் ஐபி முகவரி ஒன்றுதான். உள்ளே கணினி, பிரிண்டர், கேமரா, ஆறு செல்போன் எல்லாம் இருக்கும். வெளியிலிருந்து வருவது இவற்றில் எதற்கு என்று ரூட்டருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் போர்ட் எண். 0 முதல் 65,535 வரை இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான எண் 3389. ‘இந்த எண்ணுக்கு வருவதை அந்தக் கணினிக்கு அனுப்பு’ என்று ரூட்டரில் எழுதி வைப்பதே போர்ட் ஃபார்வர்டிங். இந்தக் குறிப்பு பழைய ரூட்டருக்குள் இருந்தது. பழைய ரூட்டரோ பரண்மேல்! புதிய பெட்டியில் தம்பி அதை மறுபடி எழுதினான். பெட்டி மறுப்பு எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

பழைய ரூட்டரைத் தூக்கிப் போடாமல் புதிய பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருப்பவர்களுக்கு இங்கே இன்னொரு வம்பு காத்திருக்கும். ஒரு வாசலுக்குப் பின் இன்னொரு வாசல் இருப்பதால், ஒன்றில் மட்டும் குறிப்பு எழுதினால் போதாது. ஒன்றை பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும் அல்லது இரண்டிலும் எழுத வேண்டும்.

மூன்றாவது: பெயர் பழைய வீட்டையே காட்டுகிறது

வீட்டு இணைப்புகளுக்குக் கிடைக்கும் ஐபி முகவரி அவ்வப்போது மாறும். அதனால் முகவரிக்குப் பதில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு, முகவரி மாறும்போதெல்லாம் அந்தப் பெயரைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். டைனமிக் டிஎன்எஸ் என்று பெயர். ஒரு காலத்தில் டின்டிஎன்எஸ் இதை இலவசமாகக் கொடுத்து எல்லோரையும் பழக்கியது, 2014-இல் இலவசத்தை நிறுத்திவிட்டது. இன்றும் வேறு இலவசச் சேவைகள் இருக்கின்றன.

அக்கா பயன்படுத்திய பெயரைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததும் அதே பழைய ரூட்டர்தான். அது அணைந்துபோனதால் பெயர் பழைய முகவரியிலேயே நின்றுவிட்டது. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் விட்டுவிட்ட முகவரியை அந்த நிறுவனம் சும்மா வைத்திருக்காது, வேறு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடும். திங்கள்கிழமை காலையில் அக்கா தட்டியது யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவாக இருந்திருக்கலாம்.

தம்பி டாலி கணினியிலேயே பெயரைப் புதுப்பிக்கும் சின்ன நிரலைப் போட்டான். பெயர் இப்போது 103-இல் தொடங்கும் புதிய முகவரியைக் காட்டியது. மூன்றும் சரி. செல்போனில் அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் சோதித்துப் பார்த்தான். (இந்தச் சோதனையை அலுவலக வைஃபையில் இருந்துகொண்டே செய்யாதீர்கள். சில ரூட்டர்கள் உள்ளேயிருந்து கிளம்பி வெளிமுகவரி வழியாகத் திரும்பி வருவதை அனுமதிக்காது, நன்றாக இருக்கும் வழியும் கெட்டுப்போனது போலத் தெரியும்.)

திறக்கவில்லை!

“கேமரா தெரியுதுல்லா?”

வியாழக்கிழமை அண்ணாச்சி தன் செல்போனை எடுத்துக் காட்டினார். கோடவுனில் மாட்டியிருக்கும் கேமரா பளிச்சென்று தெரிந்தது. கோடவுனுக்கும் அதே நிறுவனத்தின் புதிய ஃபைபர்தான்.

“ஏலே தம்பி, கேமரா வீட்ல இருந்து பாத்தாலும் தெரியுது. அப்போ நெட்டு வேலை செய்யுதுன்னுதான அர்த்தம்? உங்க அக்கா லேப்டாப்லதான் கோளாறு.”

கேட்டால் நியாயமாகவே படும். பல அலுவலகங்களில் இந்த இடத்தில்தான் வாக்குவாதம் நின்றுபோகும். தம்பியிடமும் அன்று பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்விதான் கடைசியில் வழியையும் காட்டியது. அதற்குப் பிறகு வருவோம்.

ஒரு எண், இரண்டு இடங்களில் இரண்டு விதமாக

அன்று இரவு தம்பி பார்த்தது மிக எளிய ஒரு விஷயம். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதும்கூட. ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, ‘வான் ஐபி’ என்ற வரியைப் பார்த்தான். 100.72 என்று தொடங்கியது. ‘என் ஐபி என்ன’ என்று சொல்லும் இணையதளத்தில் பார்த்தால் 103 என்று தொடங்கியது. இரண்டும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்?

இந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஒரு வரலாற்றையே சொல்கின்றன. இப்போதும் பரவலாகப் புழங்கும் ஐபிவி4 முறையில் மொத்தம் இருக்கும் முகவரிகள் 429 கோடியே சொச்சம். உலக மக்கள்தொகையைவிடக் குறைவு. 2011 பிப்ரவரி 3 அன்று கையிருப்பில் மிஞ்சிய ஐந்து பெரிய தொகுப்புகளை, உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து முடித்தார்கள். ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக்குக்குக் கிடைத்த அந்தக் கடைசித் தொகுப்புதான் 103-இல் தொடங்குவது. அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் அதையும் ரேஷன் கடை போல அளந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். 2019 முதல் புதிய உறுப்பினர் ஒருவருக்கு அதிலிருந்து அதிகபட்சம் 512 முகவரிகள்தான். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் ஒரு நிறுவனம் 512 முகவரிகளை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

பலருக்கு ஒரே முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கும். உங்கள் வீட்டு ரூட்டர் ஒரு முகவரியைப் பல செல்போன்களுக்குப் பங்கிடுகிறது அல்லவா, அதே வேலையை நிறுவனமே தன் பக்கத்தில் பெரிய அளவில் செய்யும். சிஜிநாட் என்பார்கள். நிறுவனத்துக்கும் வாடிக்கையாளர் ரூட்டருக்கும் நடுவே பயன்படுத்த என்றே 2012 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 6598 ஒரு தொகுப்பை ஒதுக்கியது. 100.64 முதல் 100.127 வரை, மொத்தம் 41,94,304 முகவரிகள். இவை இணையத்தில் செல்லாத முகவரிகள்.

ஆக, அலுவலக ரூட்டருக்குக் கிடைத்திருப்பது இணைய முகவரியே அல்ல. 103-இல் தொடங்கும் உண்மையான முகவரி நிறுவனத்தின் கருவியில் இருக்கிறது, அதைப் பலர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு தட்டல் வந்தால் அது நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். இது யாருக்கு என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் குறிப்பும் அதில் இல்லை. தம்பி எழுதிய போர்ட் ஃபார்வர்டிங் நூற்றுக்கு நூறு சரி. கொற்கையும் நல்ல துறைமுகமாகத்தான் இருந்தது, கடல்தான் விலகிப் போய்விட்டது!

உங்கள் ரூட்டரிலும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குச் சொந்த வாசல் இருக்கிறது. ரூட்டரில் 100.64 முதல் 100.127-க்குள் இருந்தால் சிஜிநாட். 10, 192.168, அல்லது 172.16 முதல் 172.31 வரை என்று இருந்தால், உங்களிடமே இரண்டு ரூட்டர்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதுவும் சிஜிநாட்தான். இரண்டே நிமிட வேலை.

என்னென்ன வழிகள்?

வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தான் தம்பி. “போர்ட் ஃபார்வர்டிங் ரூட்டர்லயே இருக்கு சார், போட்டுக்கோங்க” என்ற பதில் மூன்று முறை வந்தது. நாலாவது முறை பேசியவர் விவரம் தெரிந்தவர். ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத சொந்த முகவரி வேண்டுமென்றால் தொழில் நிறுவனங்களுக்கான திட்டத்துக்கு மாற வேண்டும், ஆண்டுக் கட்டணம் தனி என்றார். இது நேர்மையான, உறுதியான வழி. ஆனால் செலவு குறையும் என்று மாற்றிய அண்ணாச்சியிடம் போய்ச் செலவு கூடும் என்று சொன்னால்?

“மாத்துறதுக்கு முன்னாடி இதை ஒருத்தரும் சொல்லலியே!” என்றார். அவர் கேட்டதும் சரிதான்.

அடுத்த வழி ஐபிவி6. இதில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை, ஒவ்வொரு கணினிக்கும் சொந்த முகவரி கிடைக்கும், பங்கீடு தேவையில்லை. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தொடங்கியதிலிருந்து இந்தியாவில் ஐபிவி6 வேகமாகப் பரவி, இன்று உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாக இருக்கிறது. அலுவலகத்தின் புதிய இணைப்பிலும் அது இருந்தது. ரூட்டரின் தடுப்புச் சுவரில் வழி விட்டதும், மொபைல் டேட்டாவிலிருந்து டாலி கணினி திறந்தேவிட்டது. ஆனால் ஏரல் வீட்டில் இருந்த உள்ளூர் இணைப்பில் ஐபிவி6 இல்லை. இரண்டு கரையிலும் இருந்தால்தான் இந்தப் படகு ஓடும்.

எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். அக்காவும் கேட்டார். அண்ணாச்சி ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒருவர் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவனை நம்பி அப்படி ஒன்றைப் போட்டுப் பணத்தை இழந்திருக்கிறார். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே இந்த வகை மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. குற்றம் மென்பொருளுடையது அல்ல, ஆனால் பயம் நியாயமானது. தவிர, இவற்றின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்குத்தான், அலுவலக வேலைக்கு அல்ல.

இந்த இடத்தில்தான் தம்பிக்குக் கேமரா நினைவுக்கு வந்தது. பங்கிட்ட முகவரிக்குப் பின்னால் இருந்துகொண்டு அது மட்டும் எப்படி வேலை செய்கிறது? யாரும் அதனிடம் வருவதில்லை, அதுவே வெளியே போகிறது! கேமரா உள்ளிருந்து கிளம்பித் தன் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்கிறது. அண்ணாச்சியின் செல்போனும் அதே சர்வருக்குப் போகிறது. இருவரும் நடுவில் சந்தித்துக்கொள்கிறார்கள். உள்ளிருந்து கிளம்பிய தொடர்பு என்பதால் சிஜிநாட் அதைத் தடுக்காது. அதாவது, கப்பல் கரைக்கு வரமுடியாவிட்டால் தோணி போகட்டும்.

இதே முறையில் கணினிகளையும் இணைக்கலாம். 2020-இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இடம்பிடித்த வயர்கார்டு என்ற விபிஎன் முறை இருக்கிறது. சொந்த முகவரி உள்ள ஒரு சின்ன சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, அலுவலகக் கணினியையும் வீட்டு லேப்டாப்பையும் அதனோடு வயர்கார்டால் இணைத்துவிடலாம். இல்லையென்றால் இதையே ஆயத்தமாகச் செய்து தரும் டெயில்ஸ்கேல், ஸீரோடியர் போன்ற சேவைகள் உண்டு. இரண்டு கணினிகளையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைத்து, முடிந்தால் நேரடியாகவே பேச வைக்கும். முடியாவிட்டால் நடுவில் நின்று கடத்திக்கொடுக்கும், அப்போது வேகம் கொஞ்சம் குறையும். கட்டணம், நிபந்தனைகளைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி அலுவலகக் கணினியிலும் அக்காவின் லேப்டாப்பிலும் ஆயத்தச் சேவை ஒன்றை நிறுவினான். சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஏரலில் அக்கா தட்டினார், டாலி திறந்தது.

“எக்கா, வருதா?”

“வருதுலே. பிள்ளை முழிச்சிட்டான், நீ வையி.”

இத்தனை நாள் கதவு எப்படி இருந்தது?

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் பழைய நிலை மறுபடி வராதது ஒரு விதத்தில் நல்லதே என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. டாலி கணினியில் விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டைத் தற்செயலாகத் திறந்து பார்த்தான் தம்பி. பழைய இணைப்பு இருந்தவரை நுழைய முயன்று தோற்றவர்களின் பட்டியல் பக்கம் பக்கமாகப் போனது. அலுவலகத்தில் இல்லவே இல்லாத பயனர் பெயர்கள், நடு இரவு நேரங்கள். இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்த 3389 கதவை உலகமெங்குமுள்ள தானியங்கி நிரல்கள் தட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. இந்த அலுவலகத்தின் மேல் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. தெருவில் போகிறவன் எல்லா வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்ப்பது போலத்தான்.

ஏதாவது ஒரு கதவு திறந்தால் என்னவாகும்? மாற்றப்படாத கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துப் படை திரட்டியது மிராய் என்ற கிருமி. 2016 அக்டோபர் 21 அன்று அந்தப் படை டின் நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களே முடங்கின. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே கடவுச்சொல் இல்லாமல் நுழையும் புளூகீப் என்ற ஓட்டை வெளிப்பட்டது. ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தைப் புரிந்துகொள்ளலாம். துறைமுகத் தொழிலில் இருப்பவர்களுக்கு 2017 ஜூன் மாதமும் நினைவிருக்கும். நாட்பெட்யா என்ற கிருமி மெர்ஸ்க் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியபோது, மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்திலும் வேலை நின்றது. அது வேறு வழியாக வந்த கிருமி, ஆனால் பாடம் ஒன்றுதான். கணக்குக் கணினி பூட்டிக்கொண்டால் சரக்கும் நகராது.

புதிய ஏற்பாட்டில் அப்படித் திறந்த கதவே கிடையாது. ஐபிவி6-இல் சோதனைக்காக விட்ட வழியையும், ரூட்டரில் எழுதிய போர்ட் ஃபார்வர்டிங்கையும் தம்பி அழித்துவிட்டான். பழைய பெயரையும் நீக்கினான். வாரம் ஒருமுறை டாலி கணக்கைத் தனி வட்டில் நகலெடுத்து வைக்கும் வழக்கமும் வந்தது. 20-ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்பே 3பி தாக்கலானது. வேறு ஆள் தேடும் பேச்சை அண்ணாச்சி அதன்பிறகு எடுக்கவில்லை.

இணைப்பை மாற்றப் போகிறீர்களா?

வேகம் எவ்வளவு, மாதம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெளியிலிருந்து உள்ளே வரவேண்டிய தேவை உள்ளவர்கள் இவற்றையும் கேளுங்கள், செய்யுங்கள்.

1. ரூட்டருக்குப் பப்ளிக் ஐபி கிடைக்குமா, அல்லது சிஜிநாட்டா? இந்த ஒரு கேள்விக்கு விற்பனைக்கு வருபவர் விழித்தால், விவரம் தெரிந்த ஒருவரிடம் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. ஸ்டாட்டிக் ஐபி வேண்டுமென்றால் எந்தத் திட்டத்தில், என்ன கட்டணத்தில் கிடைக்கும்? எழுத்தில் வாங்குங்கள்.

3. ஐபிவி6 உண்டா? நீங்கள் எங்கிருந்து நுழையப் போகிறீர்களோ அந்த இணைப்பிலும் உண்டா?

4. பழைய ரூட்டரின் ஒவ்வொரு அமைப்புப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பரண்மேல் போன பிறகு அது பேசாது.

5. புதிய லைன் வந்த அன்றே பழைய லைனைத் துண்டிக்காதீர்கள். ஒரு வாரம் இரண்டும் இருக்கட்டும். வெளியிலிருந்து, வேறு இணைப்பில் சோதித்துப் பார்த்த பிறகு துண்டியுங்கள்.

6. ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தால், இணைப்பை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இன்றே மூடிவிட்டு ஒரு விபிஎன் வழியாகப் போங்கள்.

இணைப்பு மாற்றம் என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு வேகம் கூடும் நாள். வெளியே இருந்து வேலை செய்பவருக்கோ அது கதவு மூடும் நாளாகிவிடலாம். பெரும்பாலும் அவர் குழந்தையோடு வீட்டில் இருப்பவராகவோ, உடம்பு முடியாதவராகவோ, பஸ் வசதி இல்லாத ஊர்க்காரராகவோ இருப்பார். லைன் மாற்றும் அன்று அலுவலகத்தில் இருந்து “அங்கே வேலை செய்யுமா?” என்று கேட்கவும் அவரால் முடியாது. ஆகவே அந்தக் கேள்வியை, உள்ளே இருப்பவர்களில் யாராவது ஒருவர் அவருக்காகக் கேட்டுவிடுவது நல்லது.